துருசு

மல்லாவி ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமைக் கிளினிக்.
இருபத்திமூன்றாம் துண்டு என்னுடையது.

டொக்டர் என் கொப்பியின் பின்மட்டையில்
ஒரு மூளை கீறினார்.
வவுனிக்குளம் போலத்தான் இருந்தது.
"டோபமின் எண்டது தண்ணி மாதிரி, தவமலர்.
இந்த வாய்க்காலிலை பெருகினால்
இல்லாத குரல் கேட்கும்.
குளிசை அந்தத் துருசைப் பூட்டும்."

பூட்டினதுதான்.
இரவு இரண்டு மணிக்குப்
பெயர்ப் பட்டியல் வாசிக்கிறவன் நிறுத்திவிட்டான்,
கடைசிப் பெயருக்கு முதலே.

ஆனால் குளத்துக்கு ஒரு வாய்க்காலா?
ஊசியில் நூல் கோக்க விரல் மறுத்தது.
கால் மண்ணைத் தேய்த்தபடி நடந்தது.
பேந்து, போன மாதம்,
உலை வைக்கக் குனிந்தபோது
சட்டை நனைந்தது.

பால்.
நாற்பத்துமூன்று வயதில்.

டொக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்:
மூளைக்கு அடியில் கடலையளவு ஒரு சுரப்பி,
டோபமின்தான் அதற்குக் காவல்,
காவல் எழும்பிப் போனால் இப்படி வரும்.
"பயப்பிடாதேங்கோ. வேறை குளிசை இருக்கு."

பயமில்லை.
குடிக்கப் பிள்ளை இல்லையென்று
அந்தக் கடலைக்கு
ஒருத்தரும் கடிதம் போடவில்லை, அவ்வளவுதான்.
இரண்டு சட்டை தோய்த்தேன்.
மூன்றாவதைத் தோய்க்கவில்லை.
அது கொப்பியில் இல்லை.

ஒன்று மட்டும் கேட்க இருந்தது:
குளிசை மாற்றினால்
அவன் திரும்பி வருவானா,
வந்தால் விட்ட பெயரிலிருந்து வாசிப்பானா,
திரும்பவும் முதலிலிருந்தா?

அதற்குள்
இருபத்திநாலைக் கூப்பிட்டுவிட்டார்கள்.