வழக்கம்போல்

டுலூத்தில் பிப்ரவரி. உறைந்த ஏரி
வகுப்பறைச் சன்னலில் வெள்ளையாய் முட்டிக்கொண்டிருந்தது.
தொழில்நுட்ப எழுத்துப் பாடத்தில்
இருவருக்கு ஒரு திறமூல மென்பொருள் என்றார்கள்.
சீட்டுக் குலுக்கியதில்
எனக்கும் பாக்கோ லோருக்கும்
வௌவால்.

வௌவாலின் குரலைப் பத்து மடங்கு மெதுவாக்கி
மனிதக் காதுக்கு இறக்கித் தரும் நிரல்.
எழுதியவர் ராடோஸ்டின்,
சோபியாவில் டிராம் பணிமனையில் இரவு ஷிப்ட் எலக்ட்ரீஷியன்.
ஏழு வருடம், ஒற்றை ஆள், காசு கிடையாது.
நிறுவும் குறிப்பு மொத்தம் ஐந்து வரி.
நான்காவது: "பிறகு வழக்கம்போல் இயக்கவும்."

யாருடைய வழக்கம்?

நூலகத்து இரவல் மடிக்கணினியில்
பாக்கோ பதினான்கு முறை தோற்றாள்.
நான் பக்கத்தில் உட்கார்ந்து
ஒவ்வொன்றையும் மணி போட்டு எழுதினேன்.
4:10. கறுப்புத் திரை.
4:25. அதே கறுப்பு, வேறு பிழைச்செய்தி.
5:02. பாக்கோ ஹ்மாங்கில் ஏதோ சொன்னாள்.
அர்த்தம் கேட்டேன்.
ஆவணத்தில் சேர்க்காதே என்றாள்.

அந்தப் பட்டியலை அப்படியே அனுப்பினோம்.
பதினோரு நாள் மௌனம்.
"மாற்றுத் திட்டம் உண்டா?" என்றார் பேராசிரியர் ஹால்வர்சன்.

பிறகொரு சாயங்காலம், அங்கே விடியற்காலை மூன்று,
பதில் வந்தது:
"ஒலிக் கோப்புறைக்கு முதலில் அனுமதி திறக்க வேண்டும்.
ஏழு வருடம் முன்பு என் கணினியில் ஒருமுறை திறந்தேன்.
திறந்தே கிடக்கிறது.
அங்கே கதவு இருப்பதே மறந்துபோயிற்று."

பாக்கோ நான்காம் வரியை அழித்தாள்.
அந்த இடத்தில் ஆறு வரி.
இரண்டு போதுமே என்றார் அவர்.
நாங்கள் மசியவில்லை.
வீம்புக்கு ஒரு புதுக் கணினி கடன் வாங்கி
எங்கள் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு
தன் நிரலைத் தானே நிறுவப் பார்த்து
ஐந்தாவதில் மாட்டிக்கொண்டார்.
போய்ப் பார்த்தால்
அங்கே எங்களுடைய "வழக்கம்போல்",
வேறு சொல் உடுத்திக்கொண்டு.

ஏழு வரி ஆயிற்று.

இயக்கினோம்.
ஈரக் கண்ணாடியில் யாரோ விரலைத் தேய்க்கிறார்கள்,
நிறுத்துகிறார்கள், மறுபடி.
கணினியை மூட மனமில்லாமல்
காவலாளி வந்து விளக்கணைக்கும் வரை கேட்டோம்.

காற்புள்ளிகளுக்கு இரண்டு மதிப்பெண் கழித்தார் ஹால்வர்சன்.
மே மாதம் ஏரி உடைந்து நீலமானது.
பாக்கோ செயிண்ட் பாலுக்கு வேலைக்குப் போனாள்.

ஜூனில் ராடோஸ்டின் எழுதியிருந்தார்:
"இந்த மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
டிராம்கள் தூங்குகின்றன.
மூன்று மணிக்கு எனக்கு
என்ன செய்வதென்று தெரியவில்லை."