ஐம்பது லக்ஸ்

ஹமில்டனில் பெப்ரவரி.
ஒரு மலை பதினேழு பெட்டிகளில் வந்திறங்கியது.
மூன்றாவது பெட்டியை நான் தனியாகவே தூக்கினேன்:
இடப்பக்கச் சுவர், இரண்டு தூண்,
பறக்கும் கந்தர்வனின் பாதி உடல்.
ஓர் அரிசி மூட்டைப் பாரம்கூட இல்லை.

உள்ளே நுரை, மேலே அச்சு.
அசல் குகை தக்காணத்தில் ஏதோ ஆற்றுவளைவில் இருக்கிறதாம்.
கூட்டத்தின் மூச்சுப் பட்டு ஓவியம் உதிர்வதால்
பூட்டிவிட்டார்களாம்.
மூச்சுக்குப் பயப்படாத நகல் ஊர் ஊராய்ப் போகிறது.
எங்கள் முறை ஏப்ரல் வரை.

என் வேலை வெளிச்சம்.
ஐம்பது லக்ஸுக்கு மேல் கூடாது என்கிறது தாள்.
அச்சு மைக்கு எதற்கு இந்தப் பத்தியம் என்று கேட்டேன்.
"குகை மாதிரி இருக்க வேண்டுமே" என்றாள் மார்கிட்.

நிலந்த ஏணியோடு வந்தான்.
வாசலில் நின்று
இரும்பு மூக்குச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தான்.
இது நுரையடா, என்றேன்.
தெரியும், என்றான்.
பாதுகாப்பு விதிப்படி தப்பு, என்றேன்.
அதுவும் தெரியும், என்றான்.
காலுறையில் பெருவிரல் அளவு ஓட்டை.

நான் கழற்றவில்லை.
எங்கட பக்கத்தில் ஓர் அரசங்கன்று தானாய் முளைத்தால்
அப்பா இரவோடிரவாய்ப் பிடுங்கிவிடுவார்.
மரத்துக்குப் பின்னால் புத்தர் வருவார்,
புத்தருக்குப் பின்னால் முள்கம்பி வரும்,
கம்பி வந்தால் கிணறு போய்விடும்.
இதை நிலந்தவிடம் சொன்னதில்லை.
ஆறு வருடமாய் ஒரே காரில் போகிறோம்,
குளிரைப் பற்றிப் பேச அவ்வளவு இருக்கிறது.

பின்சுவர், பதினோராம் பெட்டி.
நடுவில் ஒரு குழி.
உடைத்துவிட்டோமோ என்று வயிறு கலங்கத்
தாளைப் பார்த்தேன்.
இல்லை, அப்படித்தான்.
எப்போதோ யாரோ ஒரு முகத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்.
போனதையும்
மயிரளவு பிசகாமல் பிரதி எடுத்திருக்கிறார்கள்:
உளி நாலு முறை சறுக்கிய கோடு,
காரை உடைந்த விளிம்பு,
விளிம்பில் வைக்கோல், நெல் உமி.

உமியைத் தொட்டுப் பார்த்தேன்.
வழவழவென்றிருந்தது.
ஆனாலும் அது ஒரு முற்றத்தில் பறந்த உமிதான்.
கல்லைக் குடைந்தவர்களுக்கும்
கடைசியில் சேறு தேவைப்பட்டிருக்கிறது.

பக்கத்தில் சின்ன அறை, பிக்கு ஒருவருக்கு.
கல் கட்டில், கல் தலையணை, இரண்டும் நுரை.
சுவரோரம் வயர் இழுக்க வேண்டும்.
வேறு வழியில்லை, கட்டிலில் மல்லாந்து படுத்தேன்.

அப்போதுதான் கூரை.

நின்றால் தெரியாது.
அன்னங்கள் என்றது தாள், எனக்கு வாத்துகள்.
ஒன்றின் வாலை ஒன்று கவ்வி
ஒரு வட்டம். நடுவே தாமரை. மூலையில்
தீட்டியவன் தூரிகை துடைத்த மாதிரி ஒரு பச்சை.
கும்பிட வருகிறவருக்கு இல்லை இது.
மழைக்காலம் முழுக்க
வெளியே போக முடியாமல் படுத்திருப்பவருக்கு.

நானும் ஒரு மாரி படுத்திருக்கிறேன்,
பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள்.
கூரை என்றால் பதின்மூன்று குற்றி.
எண்ணி முடிந்ததும் மறுபடி எண்ணுவோம்.
ஏழாவதில் தங்கச்சி கரியால்
ஒரு கோழி கீறினாள்.
நீட்டிய கழுத்து, மூன்று கால்.
ஏன் மூன்று என்று கேட்க நிறைய நேரமிருந்தது.
கேட்கவில்லை.

"முடிந்ததா?"
நிலந்தவின் முகம் தலைகீழாய்.
படுத்துப் பார், என்றேன்.
இடம் காணாது, என்றான்.
ஒதுங்கினேன்.
கன நேரம் ஒன்றும் சொல்லாமல் கிடந்தான். பிறகு,
"அங்கே ஒன்று மட்டும் கவ்வவில்லை.
திரும்பிப் பின்னால் பார்க்கிறது."

திட்டத்தில் கூரைக்கு விளக்கில்லை.
மிஞ்சிய ஒன்றைத் தலைமாட்டில் சாய்த்து வைத்தேன்.
ஒன்பது லக்ஸ் காட்டியது மீட்டர்.
படுக்காத எவருக்கும் தெரியப்போவதில்லை.

இந்த ஊரில் மலை என்று சொல்வது
நீளமான ஒரு சுண்ணாம்புச் சரிவை.
பாதைக்காகப் பாறையை வெட்டிய இடத்தில்
உறைந்த ஊற்று தூண் தூணாய் நின்றது.
நாடா கட்டாத சப்பாத்தோடு ஓட்டியபடி
நிலந்த கேட்டான்:
"படுத்திருந்தபோது வாய்க்குள் என்ன எண்ணினாய்?"

இன்றைக்குக் குளிர், என்று தொடங்கினேன்.
பிறகு,
கோழி, என்றேன்.