ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு இலவசம்

நாகஜோதிக்குப் பத்திலிருந்து ஒரு மணிவரை பரீட்சை.
கல்லூரி வாசலில் என்னிடம் ஒப்படைத்தது:
ஐந்து மாதத்துச் செம்பா,
ஈரத்துணி சுற்றிய டப்பாவில் நாலு அவுன்ஸ் தாய்ப்பால்,
"வெயில்ல நிக்காதீங்க."

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்.
காரைக்குடியின் நிழல்கள் எல்லாம்
கடைகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தன.
செக்காலை ரோட்டில்
நகைக்கடை ஏசியில் ஐந்து நிமிடம்,
மருந்துக்கடை ஃபேனில் மூன்று.
அதற்குமேல் நின்றால் ஏதாவது வாங்க வேண்டும்.

பிறகுதான் அந்த வீடு. இப்போது காட்சியகம்.
பெரியவர்களுக்கு ஐம்பது. கேமராவுக்கு நூறு.
ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு இலவசம்.
"உட்பட்டதுதானே?" என்று
செம்பாவைக் காட்டிக் கேட்டார்
டிக்கெட் கிழித்த அடைக்கலம்,
முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல்.

பழம்பொருள்மேல் ஆசை என்று பொய் சொல்ல மாட்டேன்.
முட்டைப் பூச்சுச் சுவர் குளிர்ந்து கிடந்தது.
ஐம்பது ரூபாய் அதற்கு.

பர்மாத் தேக்குத் தூணுக்கு அவளிடம் ஒரு கொட்டாவி.
ரங்கூன் கப்பல் டிக்கெட்டுக்கு அதுவும் இல்லை.
மூலையில் மாட்டியிருந்த
தீயணைக்கும் சிவப்பு உருளையிடம்தான் மயங்கினாள்.
நகர்ந்தால் சிணுங்கல்.
நானும் அதன் எதிரே நின்றேன்,
கண்ணும் கருத்துமாக.
பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி
நாங்கள் போனதும் அதன் முன் நின்று
கொஞ்சநேரம் யோசித்தார்கள்.

ரசம் போன பெல்ஜியக் கண்ணாடியில்
என் முகம் இருந்த இடத்தில் பழுப்பு.
என் தோளுயரத்தில் மட்டும் தெளிவு மிச்சம்.
அங்கே யாரோ ஒரு குழந்தையைப் பார்த்துச்
செம்பா சிரித்தாள்.
அந்தக் குழந்தையும் மரியாதை தெரிந்தது.

இரண்டாம் கட்டு. கண்ணாடிப் பெட்டி.
எண் 47.
உள்ளங்கை அகலம், வெள்ளி,
ஒருபக்கம் நீண்ட மூக்கு.
கீழே தட்டச்சுச் சீட்டு:
விளக்கிற்கு எண்ணெய் வார்க்கும் கரண்டி.

எங்கோ பார்த்த மூக்கு.
எங்கே என்று நான் கண்டுபிடிக்குமுன்
செம்பாவுக்குப் பசித்துவிட்டது.
வளவு முழுக்க அழுகை.
நாலு பக்கத் தாழ்வாரமும் அதை
ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தந்தது.

அடைக்கலம் ஓடி வந்தார்.
"தின்பண்டம் அனுமதியில்லை" என்று ஒரு பலகை.
பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்
தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தார்.

பாட்டிலைத் துப்புகிறவள். ஆகவே
பையிலிருந்து சங்கை எடுத்தேன்.
எவர்சில்வர், கல்லுக்கட்டிப் பாத்திரக்கடை, அறுபது ரூபாய்.
அதே வயிறு. அதே மூக்கு.
நாக்கு வெளியே தள்ள, நான் உள்ளே சாய்க்க,
பாதி அவளுக்கு, பாதி அவள் கழுத்துக்கு.
ஒரு சொட்டு ஆத்தங்குடிப் பூவில் விழுந்தது.
அடைக்கலம் அதைக் காலால் தேய்த்துக்கொண்டே
என் கையைப் பார்த்தார்,
பெட்டியைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா சார்?"
"ஒண்ணுதான்."
"ஏழு வருசமா எல்லார்ட்டயும் வெளக்குக் கரண்டின்னு சொல்லிட்டேனே."
சட்டைப்பையில் பேனாவைத் தடவினார்.
பிறகு பெட்டியின் பூட்டைப் பார்த்தார்.
"சாவி மெட்ராஸ்ல, மொதலாளிகிட்ட."

அதனால் வருகையாளர் நோட்டை நீட்டினார்.
மேல் வரியில் யாரோ 'அருமை, கழிப்பறை சுத்தமில்லை'.
கருத்து என்ற கட்டத்தில் எழுதினேன்:
47, பால் சங்கு.
பெயர்: செம்பா.
கையெழுத்துக் கட்டத்தில்
அவள் எச்சில் முன்பே விழுந்திருந்தது.

ஒரு மணி.
நாகஜோதி வந்தாள்,
ஹால் டிக்கெட்டை மார்போடு அணைத்து
ஈரத்தை மறைத்தபடி.
"எப்படி எழுதின?" "அழுதாளா?"
இரண்டு கேள்விகளும் நடுரோட்டில் முட்டிக்கொண்டன.
குழந்தையை அவள் வாங்க,
வேறெதுவும் முதலில் வாயில் வராமல்
"நாப்பத்தேழு" என்றேன்.

"என்னது," என்றாள் வெளிறி,
"கட் ஆஃபா?"