ஓர் ஒற்று

இரவு ஒன்றே முக்கால். சுங்கை நிபோங்கில்
பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடி.
கைப்பேசி அளவே உள்ள கருவிக்குள்
ஒரு நுண்ணுயிர் தன்னை
வரிவரியாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.
அறுபத்தைந்து லட்சம் எழுத்து நீளம்.
அரிச்சுவடியில் இருப்பதோ நான்கே எழுத்து.

முந்திய ஆண்டு பாலேக் பூலாவில்
சியூ பெங் லாயின் வாழைத்தோட்டம் மஞ்சளாய்ப் படுத்தபோது
தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினார்.
உள்ளே துருப்பிடித்த வளையங்கள்.
வாடல் நோய். மருந்தில்லை.
எட்டு வரிசைக்கு நடுவில் ஒரு மரம் மட்டும்
சேதி கேள்விப்படாததுபோல் பச்சையாய் நின்றது.
அதன் வேரைத்தான் தோண்டினேன்,
மண்ணை உதறாமல்.

வேரோரம் குடியிருந்தது பதினேழாம் எண்.
தட்டில் பூஞ்சைக்கு எதிரே விட்டேன்.
மூன்றாம் நாள்
இரண்டுக்கும் நடுவே விரற்கடை அகலம் வெறுமை.
பூஞ்சை அதற்கப்பால் வரவில்லை.
அன்றிரவு லக்சா இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

பிறகு வாரம் தவறாமல்
பழைய குடுவையிலிருந்து புதியதற்கு ஒரு சொட்டு.
இருபத்தெட்டுப் பாகைச் சூடு, சர்க்கரை, புரதச்சாறு,
தொட்டில்போல் ஆடும் மேடை.
நாற்பது வாரம்.
நாற்பதாவதைத்தான் பீப்பாயில் நிரப்பிக் கொடுத்தேன்.
பெங் லாய் தொலைபேசியில் சொன்னார், கோபமில்லாமல்:
“இது வெறும் தண்ணீர், மிஸ்.”

அதனால் இந்த இரவு.
உறைபெட்டியில் தூங்கிய முதலாவதையும்
குடுவையில் கொழுத்த நாற்பதாவதையும்
அருகருகே வைத்துப் படிக்கிறேன்.
மூன்றே காலுக்குக் கிடைத்தது.
நஞ்சு காய்ச்சும் மரபணுக்கள் பத்திரமாக இருக்கின்றன.
அவற்றை எழுப்பிவிடும் மரபணுவில்
ஓர் எழுத்து இல்லை.
ஒன்றே ஒன்று.
அதற்குப் பின் வரும் சொல்லெல்லாம்
இடம் நகர்ந்து உளறல்.

குற்றம் சொல்ல ஆளில்லை.
பகையே இல்லாத ஊரில் காவலுக்கு எதற்குச் செலவு?
ஆயுதத்தை நழுவவிட்ட ஒன்று
கொஞ்சம் முந்திப் பெருகியிருக்கும்.
அதன் பிள்ளைகள் குடுவையை நிறைத்துவிட்டன.
சோறு போட்டுச் சோறு போட்டு
மறக்கவைத்தது நான்.

என் பெயர் வேதவல்லி.
பதிவு அலுவலகத்தில் யாரோ ஓர் ஒற்றை விழுங்கிவிட
முப்பத்தாறு ஆண்டாக அட்டையில் நான் வேதவலி.
கொடி போய், வலி.
வங்கியிலும் விமான நிலையத்திலும் கல்யாணப் பதிவிலும்
அந்தப் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.
ஓர் ஒற்றில் என்ன இருக்கிறது என்று
மூன்றே கால் மணி வரை நானும் கேட்டிருப்பேன்.

முதலாவதைப் பனி கரைத்து எழுப்பினேன்.
இந்த முறை சர்க்கரை பாதி.
வாழைவேர்ச் சாறு கொஞ்சம்,
பழைய எதிரியின் தூள் ஒரு சிட்டிகை.
ஐந்தாம் குடுவைக்கு மேல் வளர்ப்பதில்லை.
இது போதுமா என்று தெரியாது.

பாயா தெருபோங் மேட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து
மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினேன். மழை.
பெங் லாய் மூடியைத் திறந்து முகர்ந்தார்.
“பழையதா, புதியதா?”
“பழையது.”
தலையாட்டினார்.
பலன் தெரிய நான்கு மாதம் ஆகும் என்றேன்.
அதற்கும் தலையாட்டினார்.
பெற்றுக்கொண்டதாகச் சீட்டு எழுதினார்.
அதில் என் பெயர்
மூன்றாவதாக இன்னொரு விதம்.

பேனாவைக் கேட்டு வாங்கினேன்.