இரண்டாவது குப்பி

லிஃப்ட் பழுதாகிப் பதினோரு நாள்.
குர்லாவின் ஜூலை மழை
கீழ்த்தளத்துச் சுவரை ஊறவைக்கிறது.
சுவருக்கு இந்தப் பக்கம்
நான் ரத்தத்தோடு இருக்கிறேன்.

யாருடைய முகமும் எனக்குத் தெரியாது,
பார்கோடு தெரியும்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் ரத்தம்
மூன்றாம் மாடியிலிருந்து
தோண்டிபாவின் கையில் இறங்கும்.
"தாயி" என்று வைத்துவிட்டுப் போவான்.
மராட்டியில் அது அக்கா.
என் காதில் இன்னும்
அம்மாவாகத்தான் விழுகிறது.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கவேண்டியது.
வெளியே தெருவில் அதைப் பார்த்தால்
வீட்டுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது.
உடைத்தது யாரென்று சொல்லாது.
காயத்தை அளந்து கொடுக்கும்,
கத்தியைப் பற்றி வாய் திறக்காது.

போன வாரம் டயாலிசிஸுக்கு வரும் ஒருவர்:
அறுபத்தொன்று.
மூன்று மணி நேரம் பொறுத்து அறுபத்திரண்டு.
அது பழைய குடித்தனம், அவசரமில்லை.
அதே இரவில் ஒரு டாக்சிக்காரர்:
பதினெட்டு.
பிறகு தொள்ளாயிரத்து நாற்பது.
படித்து முடிக்குமுன் போன் என் கையில் இருந்தது.

இன்று இரண்டரை மணிக்கு மூன்று குப்பி.
இரண்டை வைத்தான்.
மூன்றாவதை வைத்துக்கொண்டே நின்றான்.
"இது என்னோடது தாயி.
படி ஏறினா இங்க இறுக்குது."
இடத்தை விரலால் காட்டவில்லை,
உள்ளங்கை முழுவதாலும் காட்டினான்.
தன் ரத்தத்தைத் தானே
நாற்பத்தெட்டுப் படி சுமந்து வந்திருக்கிறான்.

எழுபத்து நான்கு.

மேலே டாக்டர் நூபுர் தாவ்டே
ரத்தம் இளக்கும் ஊசியை எடுத்துவிட்டாள்.
அடைப்பென்றால் அதுதான் சரி.
நான் சுழற்றி எடுத்த குப்பியை
இன்னொரு முறை விளக்கில் பிடித்தேன்.
சிவப்பு அடியில் ஒரு விரற்கடைகூட இல்லை,
மேலே முழுக்க வைக்கோல் நிறத் தண்ணீர்.

"எத்தனை நாளா ரத்தம் போகுது, தோண்டிபா?"
மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்,
"மூலம்தானே. ஹோலிக்கு முன்னாடியிருந்து.
இதைப் போய் யார்கிட்ட..."

குழாய் திறந்தே இருக்கலாம்.
வருவதற்குத்தான் ஒன்றுமில்லை.
குர்லாவில் இதை விளக்கவேண்டாம்:
விடியுமுன் வரிசை,
காலிக் குடங்கள்,
குழாய்க்குள் காற்று மட்டும் உறுமும் சத்தம்.
இதயமும் அங்கே நிற்கிறது,
குடத்தோடு.

"டாக்டர், ஊசி வேண்டாம், ஒரு நிமிஷம்.
ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி ஒன்பது."
மறுமுனையில்
மின்விசிறி சுற்றுவது கேட்டது.
பிறகு தட்டில் எதையோ திரும்ப வைக்கும் ஓசை.
"ரத்தம் ஏத்தறேன். ஈசிஜி திரும்ப எடுக்கறேன்.
அஞ்சரைக்கு இன்னொரு குப்பி அனுப்பறேன்."

ஐந்தரைக்குக் குப்பி வரவில்லை.
கொண்டுவருகிறவன் கட்டிலில் கிடக்கிறான்
என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

ஏறினேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுதான்
மூச்சு வாங்க முடிந்தது.
நான்கு வருடத்தில் வார்டை இப்போதுதான் பார்க்கிறேன்.
யாரோ கொடுத்த ரத்தம்
அவனுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.
கட்டிலடியில் நனைந்த செருப்பு.
"லிஃப்ட் சரியாயிடுச்சா தாயி?" என்றான்.

இல்லை என்று தலையாட்டி
அவன் குப்பியை வாங்கிக்கொண்டேன்.
உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.
என்னிடம் வரும்போது எதுவும்
இவ்வளவு சூடாக இருந்ததில்லை.

எழுபதோ, இருநூறோ,
இறங்கினால்தான் தெரியும்.