பனி சொன்ன அகலம்

சஸ்காட்டூன். அக்டோபர் கடைசி. காலை ஏழே கால்.
பல்கலைக்கழகத்தின் கிழக்கு வாயில் முனையில்
மடக்கு நாற்காலி போட்டு
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
மணிக்குப் பதினெட்டு டாலர்.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
கார், பேருந்து, மிதிவண்டி, நடப்பவர்.

முதல் நாளே கட்டங்கள் போதவில்லை.
செல்லோவுக்குச் சக்கரம் பூட்டி இழுத்து வந்த பையன்
நடப்பவன்தான், சரி.
ஒரே மின்ஸ்கூட்டரில் நின்று போன இருவர்?
இரட்டைக் குழந்தை வண்டியைத் தள்ளியபடி ஓடியவர்
ஒருவரா, மூவரா?

டெல்ஃபின் மூசோமின் சக்கர நாற்காலியில் வந்தாள்.
என் பென்சில்
நான்கு கட்டத்தின் மேலும் நின்று நின்று
ஓரத்தில் போய் ஒரு வட்டம் போட்டது.
எட்டிப் பார்த்தாள்.
"இது என் சக்கரமா,
பூஜ்யமா?"

விளக்கில் அந்த வெள்ளை மனிதன்
பதினான்கு வினாடி நடப்பான்.
அவளுக்குப் பத்தொன்பது வேண்டும்.
தரை உறைந்த நாளில் இருபத்து மூன்று.
மிச்ச வினாடிகளை
உறுமும் பிக்அப் வண்டிகளின் முகத்துக்கு முன்னால்
தன் கைகளால் சம்பாதிக்கிறாள்.

அதே இடத்தில், அதே நாளில்,
பதினொரு காட்டு வாத்துகள்
அவசரமே இல்லாமல் கடந்தன.
ஐந்து கார்களும் ஒரு குப்பை லாரியும்
வாய் திறக்காமல் நின்றன.
ஒருவர் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார்.
படிவத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
வாத்து, பதினொன்று. காத்திருப்பு, நாற்பது வினாடி.

கூட்டம் மூன்றாம் மாடியில்.
சுருளும் வரைபடத்தின் நான்கு மூலையிலும் காபிக் கோப்பைகள்.
பொறியாளர் ஓஸ்டாப் ஹ்ரின்கிவ் கெட்டவர் அல்ல.
"முனையைக் குறுக்க முடியாது,
தீயணைப்பு வண்டி திரும்பியாக வேண்டும்" என்றார்.
பேருந்து ஓட்டும் பெர்னிஸ் சொன்னாள்:
"பன்னிரண்டு மீட்டர் வண்டியைத் தினம் அங்கே திருப்புகிறேன்.
எனக்கே இவ்வளவு இடம் வேண்டாம்."
"கணக்கு வேறு மாதிரி சொல்கிறதே."
கணக்கு என்னுடையது.
நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு விழுந்தது,
முழங்கால் எட்டாத முதல் பனி.

விடியலில் நாற்காலியை விரிக்கப் போனவன்
விரிக்காமல் நின்றேன்.
சக்கரம் போன இடம் கறுப்பு.
போகாத இடம் வெள்ளை.
இரண்டு மூலையிலும்
யாருமே தொடாத ஒரு பிறைத்துண்டு.
கார்கள் தொடவில்லை. பெர்னிஸின் பேருந்தும்.
ஐந்து மணிக்கு வேதியியல் கூடத்தில் பொய்யாய் மணி அடிக்க
வந்து திரும்பிப் போயிருந்தது தீயணைப்பு வண்டி.
அதுவும் தொடவில்லை.

ஓஸ்டாப் வந்தார், கோட்டுக்குக் கீழே பைஜாமா தெரிய.
பனி அள்ளும் இயந்திரம் எட்டு மணிக்கு வந்துவிடும்.
அளவுநாடாவின் மறுமுனையை என் கையில் தந்தார்.
இந்தப் பக்கம் இரண்டு எண்பது.
அந்தப் பக்கம் மூன்று பத்து.
கையுறையைக் கழற்றிக் கூட்டினார்.
வெள்ளையின் விளிம்போடு
ஆரஞ்சுச் சாயத்தைப் பீய்ச்சிக்கொண்டே நடந்தார்.
"ஏறக்குறைய ஆறு மீட்டர்," என்றார் தரையிடம்,
"இத்தனை வருஷமாய்
யாருக்காக வைத்திருந்தோம்?"

எதிர்ப்புறத்திலிருந்து டெல்ஃபினின் குரல்:
"ரொம்ப அழகு.
அந்த வரைபடத்தைக் கொஞ்சம்
என் சரிவிலிருந்து அள்ளுகிறீர்களா?
இறங்க வேண்டும்."

ஒரே ஒரு மண்வெட்டி.
மாற்றி மாற்றி அள்ளினோம்.

பதினேழு மீட்டர் பதினொன்றானால்
அவளுக்குப் பன்னிரண்டு சொச்சம் வினாடி போதும்.
உறைந்த நாளில்?
பதினைந்து.
விளக்கு தருவது பதினான்கு.

அந்த ஒரு வினாடிக்காக
செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டம்.
போகும் வழியில் பெர்னிஸின் பேருந்தில்
படிவத்துக்கு ஐந்தாவது கோடு கிழித்தேன்.
வண்டி குலுங்கியதில் கோணலாகிவிட்டது.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.