சய பூச்சியம் தசம் இரண்டு

போன சனிக்கிழமை தனியாக வந்து
ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன்.
வெள்ளவத்தைக் கால்வாய், ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்.
பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு தடி,
ஒரு தோடம்பழத் தோல், கைப்பேசியில் நேரம்.
நாற்பது செக்கன். கடலை நோக்கி.
விடையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்று தரம் ஏழு, இருபத்தெட்டுப் பிள்ளைகள்.
ஒன்பது அனுமதிக் கடிதங்களில்
ஒரே பேனா, ஒரே சாய்வில் பெற்றோர் கையெழுத்து.
நான் அதைப் பார்க்கவில்லை.
ஜாம் போத்தல்களின் கழுத்தில் நூல் கட்டியாயிற்று.
உறிஞ்சுகுழலின் அடியில் களிமண் அடைத்து
மிதப்பானும் செய்தாயிற்று.
கரையில் ஒரு கபரகொய்யா
கல்வி அலுவலகத்தால் வந்ததுபோல
எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
குறிப்பெதுவும் எழுதாமல் தண்ணீருக்குள் இறங்கியது.
அதிலேயே பத்து நிமிடம் போயிற்று.

முதல் தோலை ஜெனோஷன் விட்டான்.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு காலி வீதிப் பக்கமாகப் போகத் தொடங்கியது.

“எறிஞ்சிட்டாய், மெல்லமா விடோணும்” என்றேன்.
இரண்டாவது தோல். அதுவும் காலி வீதிப் பக்கம்.
“காத்து” என்றேன்.
ஹம்தியா விரலை நனைத்து உயர்த்திப் பிடித்து
“காத்தே இல்ல ரீச்சர்” என்றாள்.
மூன்றாவது.
கைப்பைக்குள் என் விடை கசங்குவது
எனக்கு மட்டும் கேட்டது.

அப்போதுதான் பெனிற்றா.
கடைசி வாங்கு. கேட்டாலும் பேசாதவள்.
“கடல் உள்ளுக்கு வருது ரீச்சர்.
எங்கட பாட்டா விழுந்தா நாங்க பின்னால ஓடுறேல்ல.
மேல போகும், பின்னேரம் அதுவாத் திரும்பி வரும்.
தம்பியிட ஒண்டுதான் வரேல்ல.
அது சப்பாத்து, தாண்டிட்டுது.”

“எங்கட எண்டா எங்க?” என்று யாரோ கேட்க
அளவுநாடா பிடித்த கையாலேயே காட்டினாள்:
தகரம், நீலத் தறப்பாள்,
காயப்போட்ட எங்கள் பள்ளிச் சீருடை ஒன்று,
அதன் கீழே ஒரு குழாய்.
என் பட்டியலில் அது மாதிரி இலக்கம் நான்கு.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் போத்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவளே வாங்கினாள், மூடியை இறுக்கினாள்,
திகதி எழுதி ஒட்டினாள்.

பிறகு சோதித்தோம்.
பள்ளிக் குழாய்த் தண்ணீரில்
மூன்றாம் கோடு வரை அமிழ்ந்த மிதப்பான்
பாலத்தடித் தண்ணீரில் இரண்டாம் கோட்டோடு நின்றுவிட்டது.
உப்புத் தூக்குது, உப்புத் தூக்குது என்று கத்தினார்கள்.
மேலே அளுத்கமை ரயில் போனது.
அதில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நான்காவது தோலுக்கு ஐம்பது செக்கன்.

படிவத்தில் வேகத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறது.
திசைக்கு இல்லை.
அம்புக்குறியை முன்னமே அச்சடித்துவிட்டேன், கடலைப் பார்த்து.
சென்ற தவணை மறை எண்கள் படிப்பித்தபோது
ஒருவரும் போகாத ஊர்களின் குளிரைச் சொன்னேன்,
பெயர் தெரியாத யாரோ ஒருவரின் கடனைச் சொன்னேன்.
“இது எங்களுக்கு என்னத்துக்கு?” என்றான் ஜெனோஷன்.
இன்று பெட்டிக்குள் அவன்தான் எழுதினான்:
சய பூச்சியம் தசம் இரண்டு.
எண்ணை ஒருமுறை. சயவை மட்டும்
தாள் ஓட்டையாகும்வரை.

வான்காரர் ஹோர்ன் அடிக்கிறார்.
தோல்கள் திரும்பி வராமல்
ஒருவரும் ஏற மாட்டார்களாம்.
“நீங்க போங்கோ” என்கிறாள் பெனிற்றா,
“நான் பின்னுக்கு நிண்டு பாத்து
வார நேரத்தை எழுதி வைக்கிறன்.”

வீட்டில் மணிக்கூடு இருக்கிறதா என்று
கேட்க வாயெடுத்தேன்.

“ரயில் போகுந்தானே ரீச்சர்.”